செவலையின் பால்கட்டி

கிழக்குத் தாம்பரம் மாதா கோயில் வாசலில் ஜெயக்கொடி என்று கேட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பால்கட்டிக்காரம்மா என்று கேட்டால் பச்சைக் குழந்தைகூடக் கை காட்டும். எண்பதுகளின் நடுவில் தொடங்கி மூன்று நான்கு வருஷம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனம் வெளியே வருகிற நேரத்துக்கு அவள் வேப்பமரத்தடியில் கூடையை இறக்கியிருப்பாள். கூடைக்குள் வாழையிலை, இலைக்குள் கொட்டாங்கச்சி அளவில் வெள்ளை வெளேரென்று பால்கட்டிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓலை முடைந்த தடம். வெயில் ஏறுமுன் கூடை காலியாகிவிடும். அப்படி ஓடிய பிழைப்பு எப்படி நின்றது என்பதை அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் சுற்றி வளைத்துத்தான் பேசுகிறார்கள். சுற்றி வளைப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஜெயக்கொடிக்குப் பிறந்த வீடு சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மேற்கே. அங்கே ஆட்டுப்பாலில் செய்வார்கள். செம்பாக்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு அவள் பசும்பாலில் செய்து பார்த்தாள், கட்டி நன்றாகவே வந்தது. கறந்த சூடு ஆறுவதற்குள் பச்சை அத்திக்காயைக் கீறி, வடிகிற பாலை இத்தனை துளி என்று கண்ணளவில் விட வேண்டும். சற்று நேரத்தில் பால் குலுங்காமல் நின்றுவிடும். பழைய வேட்டித்துணியில் வடித்து, உப்பும் மிளகுப்பொடியும் பிசறி, பனையோலையில் முடைந்த சிறு கொட்டானில் அழுத்தி, மேலே கல்லை ஏற்றினால் மறுநாள் கட்டி தயார். ஒன்றே ஒன்றுதான் கண்டிப்பு. பாலை அடுப்பில் ஏற்றவே கூடாது. காய்ச்சிய பாலில் அத்தி பிடிக்காது, பிடித்தாலும் மணலாக உதிரும்.

புருஷன் ஏகநாதனுக்கு அந்தப் பண்டத்தின் வாடையே ஆகாது. பால், தயிர் எதையும் தொட மாட்டான். மோரில் மட்டும், அதுவும் தண்ணீராகக் கரைத்த மோரில், கொஞ்சம் சமாதானம். ஏரிக்குக் கீழே இருந்த அவர்கள் நிலம் மனைக்கட்டாகப் போன பிறகு மிச்சம் இருந்தவை இரண்டு உருப்படி. ஒன்று செவலைப் பசு, இன்னொன்று கிழட்டு எருமை. மனுஷனுக்கு மாடுகள் என்றால் உயிர். ஊரில் எந்த மாட்டுக்குத் தொண்டை அடைத்தாலும் ஏகநாதனைத்தான் கூப்பிடுவார்கள். வாயைப் பிளந்து முழங்கை வரை உள்ளே விட்டு, சிக்கிய மாங்கொட்டையையோ பனங்காய்ச் சக்கையையோ இழுத்துப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போவான். அதற்கென்று ஒரு பெயர் அவனுக்கு இருந்தது, அதில் உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது.

பால்கட்டியை வெளியுலகத்துக்குக் கொண்டுபோனவர் வேதசிரோமணி. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கொடி காட்டிப் பழகிய கை, ஊதல் ஊதிப் பழகிய வாய், இரண்டும் சும்மா இருக்காது. பால் வாங்க வந்த இடத்தில் ஒரு துண்டு தின்று பார்த்தவர் அந்த வாரமே கோயில் வாசலில் நின்று பிரசங்கம் ஆரம்பித்துவிட்டார்.

"சீஸுன்னு டப்பாவில அடைச்சு வர்ற சோப்புக்கட்டிக்குக் காசைக் கொட்டிக் குடுக்குறீங்க. நம்ம ஏரியில மேயற மாட்டுப்பால், நம்ம ஊர் அத்திமரம், நம்ம ஊர் பொம்பளை செய்யறாங்க. இவங்களை நாம வாங்கித் தூக்கிவிடலேன்னா வேற யாரு தூக்கிவிடுவா?"

வெட்கப்பட்டு நான்கு பேர் வாங்கினார்கள். ருசி பார்த்து நாற்பது பேர் வந்தார்கள். ஏரிக்கரையில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்த பேங்க் ஆபீசர் மனைவி சாமுண்டீஸ்வரி மட்டும் ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தாள்.

"காய்ச்சாத பால்னு சொல்றாங்களே, சேஃபா?"

"எங்க வூட்ல தலமொறையா துன்றோம்மா. யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல" என்றாள் ஜெயக்கொடி. பொய் இல்லை. அன்றைக்கு வரைக்கும் அது சத்தியம்தான். சாமுண்டீஸ்வரியின் மகள் அதற்குப் பிறகு பால்கட்டி இல்லாமல் சப்பாத்தியைத் தொடவில்லை.

நன்றாக ஓடுகிற வண்டிக்கு முன்னால்தான் நாய் குறுக்கே வரும் என்பார்கள். இங்கே நிஜமாகவே வந்தது.

அந்த வருஷம் ஏரியைச் சுற்றி வீடுகள் முளைத்துக்கொண்டிருந்தன. வீடு வந்தால் குப்பை வரும், குப்பைக்குப் பின்னால் நாய்கள் வரும். வைகாசி மாதம் ஒரு மத்தியானம், வாயில் நுரை தள்ள, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு நாய் கரையோடு போனது. கட்டட வேலைக்காரர்கள் கடப்பாரையால் அடித்துக் கொன்று குழி தோண்டிப் புதைத்தார்கள். யாரையாவது கடித்ததா என்று வீடு வீடாக விசாரித்தார்கள். கடிக்கவில்லை. ஊர் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கப் போனது. ஏரியில் மேய்ந்த மாடுகளை யார் விசாரித்தார்கள்?

செவலையின் மூக்கோரத்தில் ஒரு சின்னக் காயம் இருந்ததை ஜெயக்கொடி பார்த்தாள். கருவேல முள் கிழித்திருக்கும் என்று மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். காயம் ஆறியது. அவளும் மறந்தாள்.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் செவலை தண்ணித் தொட்டியிடம் போவதும் மூக்கை வைத்துவிட்டு விலகுவதுமாக இருந்தது. புல்லைக் கவ்வும், மெல்லாது. வாயிலிருந்து எச்சில் கயிறு மாதிரி தொங்கியது. விழுங்க முடியாமல் விழுங்குகிற மாதிரி கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தது. அது கத்திய குரல் அதன் குரலாகவே இல்லை. கரகரவென்று, அடிவயிற்றிலிருந்து யாரோ இழுக்கிற மாதிரி இருந்தது. கன்றுக்குட்டி அந்தச் சத்தத்துக்குப் பயந்து மூலையில் ஒண்டியது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை விற்ற பால்கட்டி அத்தனையும் இந்தச் செவலையின் பால்தான்.

"பிளாஸ்டிக் பைதான் மாட்டிக்கினு கீது. புது வூட்டுக்காரங்கோ சோத்தப் பைல கட்டி வுட்டெறியறாங்க இல்ல" என்றான் ஏகநாதன்.

"டாக்டரு வர்ட்டும்யா."

"அவுரு எப்ப வர்றது? மூச்சு முட்டி பூடும். தலயப் புடி நீ."

அவள் பிடித்தாள். அவன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, வலது கையைத் தொண்டை வரைக்கும் விட்டுத் துழாவினான். பையும் இல்லை, கொட்டையும் இல்லை. பொறுமையாக இன்னொரு தரம் விட்டான். அந்தத் தரம் செவலை தலையை உதறியதில் கடைவாய்ப் பல் அவன் புறங்கையில் நீளமாகக் கீறியது. எச்சிலும் ரத்தமுமாக வெளியே வந்த கையைத் தொட்டித் தண்ணீரில் அலசினான். ஒன்றும் இல்லையே என்று அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒன்றும் இல்லை என்பதுதான் பயப்பட வேண்டிய விஷயம் என்று அவனுக்கு யார் சொல்வது?

மறுநாள் கால்நடை டாக்டர் வந்தார். கொட்டகைக்குள் நுழையப் போனவர் செவலையின் கத்தலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். தூரத்தில் நின்றே கண்ணைப் பார்த்தார், எச்சிலைப் பார்த்தார்.

"நாய் ஏதாவது கடிச்சுதா?"

ஜெயக்கொடிக்கு மூக்கோரத்துக் காயம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னாள்.

"வெறி பிடிச்சிருக்கும்மா. இது பிழைக்காது. யாரும் கிட்டப் போகாதீங்க. வாயில யாராவது கை வெச்சீங்களா?"

அவள் புருஷனின் கையைப் பார்த்தாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "இவுருதான் வெச்சாரு சார். பல்லு கீறிச்சி" என்றாள்.

டாக்டர் பெருமூச்சு விட்டார். "பால் சாப்பிட்டவங்களுக்குப் பெரிசா பயம் இல்லை. காய்ச்சாத பால்னா எதுக்கும் போட்டுக்கறது நல்லது, அவ்வளவுதான். ஆனா இவருக்கு ஊசி போட்டே ஆகணும். நாளைக்குன்னு தள்ளாதீங்க. வெறி தலைக்கு ஏறிட்டா அப்புறம் உலகத்துல மருந்தே இல்லை."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷன் சொல்ல முடியாது. இரண்டு பேர் காதிலும் விழுந்தது. ஆனால் ஜெயக்கொடியின் மனசுக்குள் முதலில் போய் உட்கார்ந்தது காய்ச்சாத பால் என்ற சொல்தான். எத்தனை வீடு, எத்தனை குழந்தை என்று ஓடியது புத்தி. சாமுண்டீஸ்வரியின் மகள் கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றே தின்றது கண்ணுக்குள் வந்தது.

"சொல்லாம வுட்டா என்னாவும்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே தலையில் அடித்துக்கொண்டாள்.

"சொல்லாம வுட்டா நாம மனுசங்களா? பொறப்படு" என்றான் ஏகநாதன்.

முதலில் வேதசிரோமணி வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். அவரும் வீட்டில் எல்லாரும் தின்றவர்கள்தான். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு அவர்களோடு வீடு வீடாகப் படியேறி இறங்கினார். கதவைத் திறந்தவர்கள் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள், சிலர் வாயில் வந்ததைச் சொன்னார்கள். ஜெயக்கொடி ஒவ்வொரு வாசலிலும் கையைக் கூப்பியபடி நின்றாள். ஒரு வீட்டைக்கூட விடவில்லை. அதை அவள் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும்.

அடுத்த நாள் காலை சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாதா கோயில் கூட்டம் பாதி நின்றது. தொப்புளைச் சுற்றிப் போடுகிற ஊசி அது. பெயரைக் கேட்டாலே பெரியவர்களுக்கே உதறல் எடுக்கும். ஏகநாதனும் ஜெயக்கொடியும் முதல் பஸ்ஸில் வந்ததால் வரிசையில் முன்னால் இருந்தார்கள். நர்ஸம்மா வெளியே வந்து, இவ்வளவு பேருக்கு மருந்து இல்லை, இருக்கிறவரை போடுகிறேன், மிச்சப் பேர் மருந்து வந்ததும் வாங்க, இல்லையென்றால் பட்டணம் போங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வரிசை முழுக்க முணுமுணுப்பு. மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்ற சாமுண்டீஸ்வரியின் குரல் மட்டும் மேலே வந்தது.

"எங்க குழந்தைங்களுக்கு விஷத்தைத் தின்னக் குடுத்துட்டு, ஊசி மட்டும் முதல்ல உங்க வீட்டு ஆளுக்கா?"

ஜெயக்கொடிக்கு முகம் எரிந்தது. அவர்கள் வம்சத்தில் கல்யாணமோ கருமாதியோ, வந்தவர்கள் கையலம்பி எழுந்த பிறகுதான் வீட்டுக்காரர்கள் இலையில் உட்காருவார்கள். பண்டம் தீர்ந்து போனால் ரசத்தைக் குடித்துவிட்டுப் படுப்பார்கள். மீறினவர்களை ஏழு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டும் ஜாதி. பாழாய்ப்போன அந்த மரியாதை ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து அவள் கழுத்தைப் பிடித்தது.

"ரவ பின்னாடி நில்லுய்யா" என்றாள் புருஷனிடம், மெதுவாக. "கைக்கொயந்தக்காரங்க போட்டுக்கட்டும்."

"அதான் நானும் நெனச்சேன். நம்ம பொருள நம்பித் துன்னவங்கோ. அவங்கள வுட்டுட்டு நாம மொதல்ல பூந்தா நல்லாவா கீது" என்று சிரித்தபடி விலகி, கடைசியில் போய் நின்றான். கூட்டத்தில் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேதசிரோமணிகூடச் சொல்லவில்லை. கையில் கீறல் பட்டவன் அவன் ஒருவன்தான் என்பது அவருக்கும் தெரியும். பேரப்பிள்ளைகளை முன்னால் தள்ளுவதில் அவருக்கும் மும்முரம். கடைசி ஆள் வருவதற்குள் மருந்து தீர்ந்தது.

பட்டணம் போயிருக்கலாமே என்று இன்றைக்குக் கேட்பது சுலபம். அன்று சாயங்காலமே செவலை விழுந்தது. சுண்ணாம்பு மூட்டை வாங்கிக் குழி தோண்டிப் புதைக்க ஆள் வேண்டும். அடுத்து கன்றுக்குட்டி. அதுவும் போன பிறகு கொட்டகைக் குப்பையைக் கொளுத்தி, தரையைக் கழுவ வேண்டும். இதற்கு நடுவில் சாமுண்டீஸ்வரியின் மகள் தினமும் ஊசிக்குப் போக மாட்டேன் என்று கட்டிலுக்கடியில் ஒளிந்தாள். பால்கட்டிக்காரம்மா கையைப் பிடித்துக்கொண்டால்தான் வருவேன் என்றாள். ஜெயக்கொடி போனாள். அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தினம் ஆஸ்பத்திரி போய் வந்தாள். அங்கே ஏற்கெனவே தொடங்கியவர்களின் மிச்ச ஊசிக்குத்தான் மருந்து வந்தது, புது ஆளுக்கு இல்லை. புருஷன் எருமையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தான்.

தினமும் திரும்பி வந்து கேட்பாள். "நாளிக்குப் போலாமா?"

"போலாம்."

"கைய காட்டு."

காட்டுவான். கீறல் ஆறிக்கொண்டு வந்தது. ஆறுவதைப் பார்த்து அவளுக்கு ஆறுதல் வந்தது. ஆறுகிற புண்ணைவிடப் பெரிய ஏமாற்றுக்காரன் உலகத்தில் கிடையாது. காட்டாங்குளத்தூர் பக்கம் பச்சிலை கொடுக்கிற ஒருவரிடம் போய் உப்பில்லாமல் பத்தியமும் இருந்துவிட்டு வந்தான்.

"நாய் கடிச்சா வெசம். இது மாட்டுப் பல்லு, அதுவும் நம்ம மாடு. நான் பாலு கூட துன்னல. எனுக்கு இன்னாத்துக்கு பேஜாரு?"

அவளுக்கும் அப்படி நம்பிக்கொள்ள ஆசையாக இருந்தது. டாக்டர் சொன்னது அடிக்கடி நெஞ்சில் வந்து முட்டும். முட்டும்போதெல்லாம், தான்தான் அவனைப் பின்னால் நிற்கச் சொன்னோம் என்பதும் கூடவே வரும். அதனாலேயே அவள் பேச்சை வளர்க்காமல் விட்டாள். பயந்தவள் சண்டை போட மாட்டாள் அல்லவா.

கடைசியில் ஒருநாள் அவன் வலது கையைச் சொறிந்துகொண்டே சாப்பிடுவதைப் பார்த்தாள். ஆறிப்போன தழும்பைத்தான் சொறிந்தான். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றான். அவள் சோற்றுத் தட்டைத் தூக்கி வைத்துவிட்டு, அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏறினாள். அங்கே மருந்து இருந்தது. அன்றைக்கே போட்டார்கள். இத்தனை நாள் எங்கே இருந்தீங்க என்று அந்த டாக்டர் கேட்டார். டாக்டர் ஏகநாதனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் மட்டும் ஒன்று சொன்னார். தண்ணியைக் கண்டு பயந்தால் உடனே கொண்டுவாங்க, ஆனால் கட்டிப்போட ஆள் கூட்டி வாங்க என்றார். அன்றிலிருந்து அவன் ஒவ்வொரு தரம் செம்பைத் தூக்கும்போதும் அவன் தொண்டை ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் அவளுக்கு உயிர் ஊசலாடும். குடித்தான். நேற்று குடித்தான், இன்றைக்கும் குடித்தான் என்று நாள் போனது.

ஆவணியில் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு வேதசிரோமணி நேராக ஏரிக்கரைக்கு, ஜெயக்கொடி வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, முகம் நிறையச் சிரிப்பு. வாசலில் நின்றே குரல் கொடுத்தார்.

"ஜெயக்கொடியம்மா, நல்ல சேதி கொண்டு வந்திருக்கேன்."

அவள் வெளியே வந்தாள். கையில் ஒரு பித்தளை டம்ளர். முந்தானை நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மின்விசிறி நிறுத்தப்பட்டு, ஜன்னலெல்லாம் சாத்திக் கிடந்தது.

"எல்லாரும் ஊசிக் கணக்கை முடிச்சாச்சு. பால்கட்டி தின்ன ஒருத்தருக்கும் ஒரு காய்ச்சல்கூட வரலை. ஃபாதரே இன்னைக்கு எழுந்து பேசினார். ஒளிக்காம வீடு வீடா வந்து சொன்ன குடும்பத்தை நாம கைவிடக் கூடாதுன்னார். சாமுண்டீஸ்வரியம்மா அழுதுட்டாங்க, அன்னைக்கு அப்படிப் பேசிட்டேனேன்னு. எல்லாரும் சேர்ந்து உங்களுக்கு ஒரு கறவை மாடு வாங்கித் தர்றதுன்னு முடிவாயிருக்கு. இந்தத் தடவை முதல்லயே ஊசி போட்ட மாடா பார்த்து வாங்குவோம். நீங்க பழையபடி ஆரம்பிங்கம்மா, நாங்க இருக்கோம்."

அவர் சொன்னது அத்தனையும் அவளுக்குப் புரிந்தது. நல்ல மனுஷர் என்றும் தோன்றியது. உள்ளே ஏதோ உருண்டு சுவரில் மோதுகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஏகநாதன் இருமினான், இல்லை, இருமல் மாதிரி ஒன்று வந்தது. வேதசிரோமணியின் சிரிப்பு மெல்லக் கலைந்தது.

"என்னம்மா, அவருக்கு உடம்பு சரியில்லையா?"

"தாகமா கீதுன்றாரு சார்" என்றாள் ஜெயக்கொடி. "காலீலேர்ந்து மூணு தபா மோர் கரைச்சிட்டேன். கிட்ட கொண்டாந்தா சொவரோட ஒட்டிக்கிறாரு. நாலு ஆளக் கூட்டியாறீங்களா சார், ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவணும்."